விளக்குக்கும் விரலுக்கும் நடுவே

1952 அக்டோபர் 9, கீவ்

வெப்பக் குழாய்களில் இன்னும் சூடு விடவில்லை. கோட்டைக் கழற்றாமலே வேலை பார்க்கிறோம். சோதனைக்கு உட்காருகிறவர்களின் விரல் விறைத்துப்போனால் அளவு கெட்டுவிடும் என்று அவர்களுக்கு மட்டும் வெந்நீர் பாட்டில். எனக்குக் கிடையாது.

இன்று கடைசி வரிசையும் முடிந்தது. ஒரு பலகை, அதில் விளக்குகள், ஒவ்வொரு விளக்குக்கும் கீழே ஒரு விசை. எந்த விளக்கு எரிகிறதோ அதன் விசையை அழுத்த வேண்டும். விளக்கு எரிவதற்கும் விரல் அழுத்துவதற்கும் நடுவே மூளை எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதைத்தான் இத்தனை காலமாக அளக்கிறேன். ஒரே விளக்கு என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, எரிந்ததும் அழுத்திவிடுவார்கள். இரண்டு என்றால் சற்றுத் தாமதம். நான்கு என்றால் தாமதமும் இரட்டிக்கும் என்று நினைத்திருந்தேன். இரட்டிக்கவில்லை. ஒரு படிதான் கூடியது. எட்டு விளக்குக்கு இன்னும் ஒரு படி. விளக்குகள் இரட்டிக்க இரட்டிக்க, நேரம் ஒரே அளவு படியாக ஏறுகிறது. மாணவனுக்கும், தட்டச்சுக்காரிக்கும், வாசல் காவலாளிக்கும், எனக்கும் இதே கதைதான். வரைபடத்தில் கோடு அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக நிற்கிறது.

இந்தக் கூடத்தில் நான்தான் எல்லோரையும்விட வேகம். பெருமைக்குச் சொல்லவில்லை (பெருமைக்குத்தான் சொல்கிறேன்). அந்தப் பலகைக்கு முன்னால் உட்காரும்போது மட்டும் எனக்கு எதன்மேலும் பயம் இருப்பதில்லை.

நாளை மறுநாள் வெனியாவிடம் காட்ட வேண்டும்.

அக்டோபர் 11

நகருக்கு வெளியே, காட்டோரம், பழைய மடத்துக் கட்டடம். அதற்குள்தான் வெனியாவின் கணக்குப் பொறி இருக்கிறது. வெளியே பனித்தூறல், உள்ளே அடுப்படி. ஆயிரக்கணக்கான ரேடியோ வால்வுகள் எரிகிற சூட்டில் பொறியாளர்கள் பனியனோடு நிற்கிறார்கள். வெனியாவும் அப்படித்தான் நின்றான். கல்லூரி நாளிலிருந்தே பார்க்கிறேன், அவன் எப்போதும் எதன் முன்னாலாவது வியர்த்துக்கொண்டுதான் நிற்பான்.

வரைபடத்தை வாங்கிப் பார்த்தான். மேசைமேல் இருந்த தொலைபேசியின்மேல் தலையணை ஒன்றைக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ஒட்டுக்கேட்பார்கள் என்று எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒரு வரைபடத்துக்காகச் செய்து இப்போதுதான் பார்க்கிறேன்.

"சீமா, இது என்னன்னு உனக்குத் தெரியுதா? உன் ஆளுங்க தலைக்குள்ள ஆமா-இல்லைன்னு கேட்டுக்கிட்டே போறாங்க. விளக்கு வலப்பக்கமா இடப்பக்கமா? மேலயா கீழயா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே நேரம். எட்டு விளக்குக்கு மூணு கேள்வி, நாலு விளக்குக்கு ரெண்டு. இந்த இரும்பு எருமையும் இதையேதான் செய்யுது."

"மூளையும் உன் எருமையும் ஒண்ணுங்கிறியா?"

"நான் சொல்லலை தாயே. உன் கோடு சொல்லுது."

தகவலை அளக்க ஓர் அலகு இருக்கிறதாம். அமெரிக்காவில் இதைப் பற்றிப் புத்தகமே வந்திருக்கிறதாம். சைபர்நெட்டிக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். வசந்தகாலத்தில் மாணவர்களுக்கு இதைப் பற்றி ஒரு சொற்பொழிவே நடத்தியிருக்கிறான். எனக்கு ஒரே மகிழ்ச்சி. அப்போதே தலையணைக்கு அடியில் இருந்த தொலைபேசியையும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

வீடு திரும்பும் வழியில் என் கூடத்துக்கு வந்து அவனும் பலகை முன்னால் உட்கார்ந்தான். என்னைவிட மெதுவானவன். விசையில் எண்ணெய் இல்லை என்கிறான்.

அக்டோபர் 27

மாஸ்கோ பத்திரிகையை நடைவழியில் ஒட்டியிருக்கிறார்கள். அரைப் பக்கக் கட்டுரை. சைபர்நெட்டிக்ஸ் என்பது முதலாளிகளின் போலி விஞ்ஞானம், மனிதனை இயந்திரமாக்கும் சூழ்ச்சி, இன்னும் என்னென்னவோ. முன்னால் நின்று படித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நானும் பார்க்கவில்லை.

சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தை எடுத்து அலமாரியின் பின்னால் செருகினேன். ஒரு நேர்கோடு. அதை ஒளித்து வைக்கிறேன்.

நவம்பர் 12

துறைத்தலைவர் அர்சேனி கார்ப்போவிச் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். பயந்தால் தன் மீசையைத் தானே மெல்லுவார். இன்று மீசை பாதி வாய்க்குள் இருந்தது.

"செராபிமா இலினிச்னா, உக்காருங்க. மேலேருந்து சொல்லியிருக்காங்க. நம்ம நிறுவனத்திலயும் இந்தப் போலி விஞ்ஞானத்தைக் கண்டிச்சு ஒரு உரை நடக்கணுமாம். நீங்கதான் பேசணும். இங்க்லீஷ் படிக்கத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தானே."

"இங்க்லீஷ் எதுக்கு?"

"புத்தகத்தைப் படிக்கத்தான். படிக்காம எப்படித் திட்டுறது?" சொல்லிவிட்டு அவரே பதறிப்போனார். "திட்டினவங்க யாரும் படிக்கலைன்னு நான் சொல்ல வரலை."

நூலகத்தில் தடைப் புத்தகங்கள் இருக்கும் பூட்டிய அறைக்கு எனக்கு அனுமதி கிடைக்கும். கண்டிக்கிறவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். சரி என்றேன். எழுந்தபோது மீசையை வெளியே எடுத்துவிட்டுச் சொன்னார்:

"இன்னொண்ணு. புத்தகத்தை மட்டும் கண்டிச்சாப் போதாதாம். உள்ளூர்ல இதுக்கு வால் பிடிக்கிறவங்க யாருன்னு பேரும் வேணுமாம்."

"யாரு பேரு?"

"வசந்தகாலத்துல மாணவர்களுக்கு யார் பேசினாங்களோ..." ஜன்னலைப் பார்த்தார். "நான் சொல்லலை. அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. மேடையில உங்க வாயால வரணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.

நவம்பர் 13

தூங்கவில்லை. வெனியாவின் பெயரைச் சொன்னால் அவனுக்குப் பொறி போகும், வேலை போகும். அதோடு நிற்குமா? அவன் மனைவி அஸ்யாவுக்கு ஏப்ரலில் பிள்ளை. சொல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகும்? கேட்டுக்கொள்ளக்கூடத் தைரியம் வராத கேள்வி. இந்த நாளில் நாட்குறிப்பு எழுதுகிறவள் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், இல்லை பைத்தியமாக இருக்க வேண்டும். எழுதாவிட்டால் வாய் எங்காவது உளறிவிடும். அதனால் எழுதுகிறேன்.

நவம்பர் 20

பூட்டிய அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, எதிரே காலுறை பின்னிக்கொண்டு ஒரு காவல் அம்மாள். அவள் என்னைப் பார்ப்பதே இல்லை. ஆனால் நான் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் ஊசி ஒரு கணம் நிற்கிறது.

என் ஆங்கிலம் நொண்டி. இருந்தும் மதியத்துக்குள் புரிந்துவிட்டது. நரம்புக்கும் கம்பிக்கும் ஒரே கணக்கு. பீரங்கி குறி பார்ப்பதற்கும் நடுங்கும் கை டீ கிளாஸைப் பிடிப்பதற்கும் ஒரே கணக்கு. செய்தி என்பது ஒரு சந்தேகம் குறைவது, அவ்வளவே. கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ ஒருவன் என் அலமாரிக்குப் பின்னால் கிடக்கும் கோட்டை அறிந்தவன்போல் எழுதியிருக்கிறான்.

அழுதுவிட்டேன். ஊசி நின்றது.

"கண்ணு எரியுதா?" என்றாள் அந்த அம்மாள்.

"கோபம்," என்றேன். "எவ்வளவு பொய் எழுதியிருக்கான் பாருங்க."

திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் பின்னத் தொடங்கினாள்.

டிசம்பர் 7

வெனியாவோடு ஆற்றங்கரையில் நடந்தேன். பனியில் பேசினால் பேச்சு தங்காது என்பான். எல்லாவற்றையும் சொன்னேன்.

கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டான். பிறகு, "எழுது. என் பேரை எழுது. நீ எழுதலைன்னா வேற எவனாவது எழுதுவான். அவன் தப்புத் தப்பா எழுதுவான், அதைத்தான் என்னால தாங்க முடியாது," என்றான்.

"விளையாடாதே வெனியா."

"விளையாடலை. அஸ்யாகிட்ட மட்டும் இப்ப சொல்லாதே."

அந்த 'விளையாடலை' சற்றுத் தாமதித்துத்தான் வந்தது. குளிரால் அல்ல. எனக்குத் தெரியும், தாமதத்தை அளப்பது என் தொழில்.

பாலத்தடியில் நின்று சொன்னான்: "சீமா, ஒருத்தனைத் திட்டணும்னா, முதல்ல அவன் என்ன சொன்னான்னு சொல்லணும் இல்லையா? அதைச் சுருக்காம சொல்லு. நல்லாப் புரியுற மாதிரி சொல்லு. அப்புறம் திட்டு. திட்டுறதைச் சுருக்கமா வெச்சுக்கோ."

டிசம்பர் 15

எழுதுகிறேன். "நமது எதிரி கூறுவது என்னவென்றால்" என்று தொடங்கி, தகவலை எப்படி அளப்பது என்று ஒரு பக்கம். கீழே: "இது அப்பட்டமான அபத்தம்." மறுபடி, "எதிரி இத்தோடு நிற்கவில்லை" என்று தொடங்கி, மூளையும் கணக்குப் பொறியும் எங்கே ஒத்துப்போகின்றன என்று இரண்டு பக்கம். கீழே: "தோழர்களே, இதற்குப் பதில் சொல்லவும் வேண்டுமோ?" பதில் சொல்லவில்லை.

என் வாழ்நாளில் இவ்வளவு தெளிவாக எதையும் எழுதியதில்லை. யாராவது கவனித்துவிட்டால்? கவனிக்கிற அளவுக்குப் படித்தவர் இருந்தால் ஆபத்து. அர்சேனி கார்ப்போவிச் படித்தவர்.

பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

டிசம்பர் 22

வரைவைக் கொடுத்தேன். அர்சேனி கார்ப்போவிச் என் முன்னாலேயே வாசித்தார். நடுப்பக்கத்தில் ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து முடித்தார்.

"ரொம்ப... முழுசா இருக்கு," என்றார்.

"எதிரியை முழுசாத் தெரிஞ்சுக்கணும் இல்லையா?"

"ஆமாமா." மீசை வாய்க்குள் போனது. "பேரு இல்லையே."

"மேடையில சொல்றேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. எது புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்பதுதான் தெரியவில்லை.

1953 ஜனவரி 13

பத்திரிகை. டாக்டர்கள் தலைவர்களுக்கு மருந்தில் விஷம் வைத்தார்களாம். பட்டியலில் பாதிக்குமேல் யூதப் பெயர்கள்.

வெனியாவின் முழுப் பெயர் வெனியமின் அப்ராமோவிச். அப்பா பெயர் ஆபிரகாம், யூதப் பெயர். இந்த மாதம் அதுவே ஒரு குற்றச்சாட்டு.

சமையலறையில் பக்கத்து அறை க்லாவ்தியா பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டில் ஐந்து குடித்தனத்துக்கும் அந்த ஒரு சமையலறைதான். அதற்கு நீதிபதி அவள்.

"ஏம்மா சீமா, என் இருமலுக்கு மருந்து எழுதினாரே, அந்த டாக்டர் பேரு என்ன?"

"எதுக்கு?"

"கொட்டிட்டேன்மா. சிங்க்கிலயே கொட்டிட்டேன்." இருமினாள். "உன்னைப் பார்க்க ஒருத்தர் வருவாரே, கண்ணாடி போட்டுக்கிட்டு, சுருட்டை முடியா. அவரும் டாக்டரா?"

"இன்ஜினியர்."

"அப்பாடா. இன்ஜினியர் என்னத்தைக் கலக்கப்போறாரு."

போர்ஷ் சூப் சட்டி பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. அவள்தான் இறக்கி வைத்தாள்.

ஜனவரி 14

நள்ளிரவில் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். என்னைத் தேடித்தான் என்று நினைத்தேன். மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது.

ஜனவரி 29

வெனியா தொலைபேசியை எடுப்பதில்லை. அஸ்யா எடுத்து "அவர் வேலையில் இருக்கிறார்" என்கிறாள். இருக்கிறானா?

பிப்ரவரி 3

இருக்கிறான். டிராலிபஸ் நிறுத்தத்தில் தூரத்தில் பார்த்தேன். இருவரும் தலை அசைக்கவில்லை.

கூட்டம் பன்னிரண்டாம் தேதி.

பிப்ரவரி 11

என்ன செய்யப்போகிறேன்? அவன் பெயரைச் சொல்ல மாட்டேன், அது முடிவு. ஆனால் "பெயர் இல்லை" என்றால் விடமாட்டார்கள். வேறு எவனாவது எழுந்து சொல்லிவிடுவான். குற்றவாளியின் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, யாராவது அதில் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

ஐயோ, எனக்குப் பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றது? அம்மா இல்லை. போருக்குப் போன என் புருஷன் ஸ்தெபான் வரவே இல்லை. அவன் போட்டோவைக்கூட இன்னைக்கு நேரா பார்க்க முடியலை. நாளைக்கு இந்நேரம் நான் எங்க இருப்பேன்? பிடிச்சுட்டுப் போனா உதவும்னு கம்பளி பூட்ஸையும் ரெண்டு ஜோடி காலுறையையும் பையில வெச்சிருக்கேன். எல்லோரும் அப்படித்தான் வெச்சிருக்காங்களாம்.

பிப்ரவரி 12

எழுத முடிகிறது. அதனால் வீட்டில்தான் இருக்கிறேன்.

அரங்கு நிறைந்திருந்தது. வாசித்தேன். எதிரி கூறுவதை வாசிக்கும்போது என் குரல் நன்றாக இருந்தது. பின்வரிசையில் மாணவர்கள் குனிந்து குறிப்பெடுத்தார்கள். வேகமாக, எதையும் விட்டுவிடாமல். திட்டுகிற இடங்களில் பென்சில் நின்றுவிட்டது. அதைப் பார்த்ததும் வாசிப்பை வேகப்படுத்தினேன். மேடையில் இருப்பவர்களும் பார்த்திருந்தால்?

கடைசிப் பக்கம். தலைமை வகித்தவர், "உள்ளூர் நிலைமை பற்றித் தோழர் சொல்லவில்லையே?" என்றார். வெனியா நான்காம் வரிசையில் இருந்தான். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"சொல்கிறேன்," என்றேன். "நம் நிறுவனத்தில் ஒருவர் விளக்குகளை வைத்து மனித மூளையை இயந்திரம்போல் அளந்திருக்கிறார். தன் வரைபடத்தைச் சுவரில் மாட்டிப் பெருமையும் பட்டிருக்கிறார். மற்றவர்களையும் குழப்பியிருக்கிறார். வசந்தகாலத்தில் மாணவர்கள் கேட்ட தவறான கருத்துகளுக்கு ஊற்று அந்த ஆள்தான். அவர் பெயர் செராபிமா இலினிச்னா யாரெம்சுக். அது நான்தான்."

வசந்தகாலத்தில் எனக்கு அந்தக் கோடே கிடைத்திருக்கவில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை. பிறகு அர்சேனி கார்ப்போவிச் முதலில் கைதட்டினார். மீசையை மென்றுகொண்டே தட்டினார். அவர் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள். தன்னையே தோலுரித்துக்கொண்டவளை அதற்குமேல் என்ன செய்வது என்று மேடையில் யாருக்கும் தெரியவில்லை. சுயவிமர்சனம் என்றால் இதுதான் என்று தலைமை வகித்தவர் பாராட்டினார்.

என் ஆய்வுக்கூடம் மூடப்படும். நாய்களின் உமிழ்நீரை அளக்கும் பிரிவுக்கு என்னை மாற்றுகிறார்கள். உரையை முன்மாதிரியாக, முழுமையாக, ஒரு சொல்லும் வெட்டாமல் அச்சடித்து எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்பத் தீர்மானம்.

ஒரு சொல்லும் வெட்டாமல்!

பிப்ரவரி 13

வெனியா வரவில்லை. வர வேண்டாம்.

மார்ச் 6

நாட்டின் தலைவர் இறந்துவிட்டார். க்லாவ்தியா தரையில் உட்கார்ந்து கதறினாள். நானும் அழுதேன். எதற்காக அழுதேன் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஏப்ரல் 4

டாக்டர்களை விடுதலை செய்துவிட்டார்கள். எல்லாமே பொய்யாம். பத்திரிகையில் சின்ன எழுத்தில்.

க்லாவ்தியா: "அப்ப அந்த மருந்தை நான் சும்மாவா கொட்டினேன்?"

ஏப்ரல் 21

அஸ்யாவுக்குப் பெண் குழந்தை. வெனியா வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. "பேரு என்னன்னு கேக்க மாட்டியா?" என்றான். கேட்டேன். "செராபிமா," என்றான். அவன் போன பிறகு பார்த்தேன், கதவுக் கைப்பிடியில் ஒரு பை ஆப்பிள் தொங்கியது.

1954 நவம்பர் 2

நாய்கள் நலம்.

1955 செப்டம்பர் 16

மாஸ்கோவில் ஒரு தத்துவப் பத்திரிகை, சைபர்நெட்டிக்ஸ் போலி இல்லை, தேவையான விஞ்ஞானம் என்று எழுதியிருக்கிறது. நடைவழியில் அதையும் ஒட்டியிருக்கிறார்கள். அதே சுவர். முன்னால் நின்றவர்கள் இப்போதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

1956 பிப்ரவரி 8

வெனியாவின் பொறுப்பில் புதிய பிரிவு. மூளையும் கணக்குப் பொறியும். என்னைச் சேர்க்கக் கேட்டிருக்கிறான். குழுவில் ஒருவர், "யாரெம்சுக்கா? சைபர்நெட்டிக்ஸைக் கண்டித்து நாடு முழுக்க உரையை அச்சடித்தவளா? அவளுக்கு இங்கே என்ன வேலை?" என்றாராம். வெனியா மேசையைத் தட்டினானாம். பயனில்லை. நான் சிரித்தேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

அக்டோபர் 30

அனுமதி வந்துவிட்டது. கையெழுத்து அர்சேனி கார்ப்போவிச்சுடையது. மீசையை மழித்துவிட்டார். ஆனாலும் மேலுதட்டை மெல்லுகிறார்.

நவம்பர் 14

என் பழைய பலகையைக் கிடங்கிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அலமாரிக்குப் பின்னால் இருந்த வரைபடம் மறுபடி சுவரில். திபிலிசி நகரிலிருந்து எத்தேரி என்று ஒரு பெண் வந்து சேர்ந்திருக்கிறாள். படபடவென்று பேசுகிறாள், சிரிப்பதற்கு முன் சுற்றும் முற்றும் பார்ப்பதில்லை.

"அக்கா, நாங்க எல்லாரும் உங்க உரையைப் படிச்சுத்தான் இதைக் கத்துக்கிட்டோம். ஒருத்தி சத்தமா வாசிப்பா. 'அபத்தம்'னு வர்ற இடத்துல எல்லாரும் சேர்ந்து மேசையைத் தட்டிட்டுத் தாண்டிப் போயிடுவோம்."

அவளே என்னைப் பலகை முன்னால் உட்கார வைத்தாள். வெனியாவும் நின்று பார்த்தான். எட்டு விளக்கு, நான்கு, இரண்டு. கடைசியில் ஒன்று. காகிதச் சுருளைக் கிழித்துப் பழைய கோட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"கருவியில ஏதோ கோளாறு அக்கா. சரிவெல்லாம் சரியா இருக்கு, ஆனா கோடு முழுசா ஒரு படி மேலே நிக்குது. ஒரு விளக்குக்கு ரெண்டு விளக்கோட நேரம் எடுக்குறீங்க."

"வயசாச்சு."

"வயசானா எட்டு விளக்குக்கு இன்னும் அதிகமா ஏறணும். இது அப்படி இல்லை. எல்லாத்துலயும் சரியா ஒரு கேள்வி கூட இருக்கு."

அவள் உட்கார்ந்து செய்துகாட்டினாள். அவளுடைய கோடு என் 1952-ஆம் வருடத்துக் கோட்டின்மேல் அப்படியே விழுந்தது. கருவியில் கோளாறு இல்லை.

ஒரு விளக்கு, ஒரு விசை. கேட்க ஒரு கேள்வியும் இல்லாத இடம். அங்கேயும் என் தலை முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறது: அழுத்தலாமா?

"நீ உக்காரு வெனியா," என்றேன்.

சிரித்தான். மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். "இன்னொரு நாள் பார்க்கலாம், சீமா," என்றான். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

அவனுடைய 1952 அளவும் என்னிடம் இருக்கிறது. அது அவனுக்குத் தெரியும்.